ஐந்துக்கு மூன்று போட்ட பயணி

சாந்தோமில் குடியிருக்கும் டெல்பின், கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வருட சர்வீஸில் யாருக்கும் அரை மார்க் கூட இனாமாகக் கொடுத்ததில்லை. வாடகைக் கார்களிலும் அதே நேர்மையோடுதான் ஏறி இறங்கினார். வண்டி ஒழுங்காக வந்து, ஒழுங்காகக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், ஓட்டுநருக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அறுபது சதவீதம், முதல் வகுப்பு. ஒரு மனிதருக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்?

கோவாவில் தங்கை மகள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு அவர் விமானத்தை விட்டு இறங்கியபோது இரவு பன்னிரண்டேகால். காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் நாற்பத்துமூன்றும் வீட்டில் திருத்தாமல் கிடந்தன.

‘வாபோ’ என்ற வாடகைக் கார் செயலியில் சாந்தோம் என்று போட்டார். ஒரு வண்டி ஏழு நிமிடம் என்றது, பிறகு பதினொன்று என்றது, பிறகு காணாமல் போனது. இப்படியே ஆறு வண்டிகள். ஆறாவதும் ரத்தானதும் திரையில் ஒரு கடிதம் வந்தது: ‘அன்புடையீர், தாங்கள் மேம்பாடு தேவைப்படும் பயணியாக வகைப்படுத்தப்பட்டுள்ளீர்கள். கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்திலுள்ள எமது பயணி நன்னடத்தைப் பிரிவை நேரில் அணுகவும்.’

பெட்டியை உருட்டிக்கொண்டு போய் அணுகினார். மேசைக்குப் பின்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு தமிழ்நிலா என்ற இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தாள்.

“உங்க ரேட்டிங் ரெண்டு புள்ளி ஒண்ணு மேடம். பேரைப் பார்த்ததுமே டிரைவருங்க கேன்சல் பண்ணிடறாங்க.”

“நான் என்னம்மா பண்ணேன்?”

“எல்லாருக்கும் மூணு போட்டிருக்கீங்க. மூணு வாங்கினா அவங்களுக்கு அந்த வாரம் ஊக்கத்தொகை கட். பதிலுக்கு முக்காவாசிப் பேர் உங்களுக்கு ஒண்ணு போட்டுட்டாங்க.”

“மூணுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்மா!”

தமிழ்நிலா பொறுமையாக விளக்கினாள். “அஞ்சுன்னா பரவாயில்லைன்னு அர்த்தம் மேடம். நாலுன்னா புகார். மூணுன்னா வண்டிக்குள்ள பாம்பு இருந்துச்சுன்னு அர்த்தம்.”

“அப்ப ரொம்பப் பிரமாதமா ஓட்டினா?”

“அதுக்கும் அஞ்சுதான்.”

“பரவாயில்லைக்கும் பிரமாதத்துக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“வித்தியாசம் பார்த்ததாலதான மேடம் இங்க வந்து நிக்கறீங்க?”

தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் வண்டி. இரண்டு வாய்ப்பு. தவறினால் காலை ஆறு மணிக்கு மேல் மறுதேர்வு. பத்துக் கேள்விகளுள்ள ஒரு தொடுதிரைப் பலகையைக் கையில் கொடுத்தாள்.

முதல் கேள்வி: ‘ஓட்டுநர் ஏசி போட மறுத்தால், (அ) போடச் சொல்வேன். (ஆ) கண்ணாடியை இறக்கிவிட்டு இயற்கைக் காற்றைப் பாராட்டுவேன்.’ இரண்டாவது: ‘வரைபடம் காட்டும் இடத்தில் வண்டி இல்லையென்றால், (அ) வண்டி தவறான இடத்தில் இருக்கிறது. (ஆ) நான் தவறான இடத்தில் இருக்கிறேன்.’

டெல்பின் மனசாட்சிப்படி எழுதினார். பத்துக்குப் பூஜ்யம். வாழ்க்கையில் முதல் பூஜ்யம்.

பக்கத்து நாற்காலியில் ராயப்பேட்டைத் தோல் வியாபாரி ஹபீபுர் ரஹ்மான் எழுதிக்கொண்டிருந்தார். மெதுவாகச் சாய்ந்து, “எல்லாத்துக்கும் ‘ஆ’ போடுங்கம்மா. யோசிச்சீங்கன்னா விடிஞ்சிரும்,” என்றார்.

பிட் அடித்த எத்தனையோ பிள்ளைகளை முட்டி போடவைத்த டெல்பின், ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வரிசையாகப் பத்து ‘ஆ’ போட்டார்.

“வாழ்த்துகள் மேடம்! நூற்றுக்கு நூறு. நீங்க இப்ப தங்கப் பயணி,” என்று தமிழ்நிலா கை கொடுத்தாள்.

இரண்டாவது நிமிடமே உமர் ஃபாரூக்கின் வண்டி வந்து நின்றது. டெல்பின் தானாகவே கண்ணாடியை இறக்கினார். கிண்டி தாண்டியதும், “காத்து ரொம்ப நல்லாயிருக்குப்பா,” என்றார்.

“இன்னாம்மா, பரீச்சை எழுதினியா?” உமர் சிரித்தார். “எங்களுக்கும் வெச்சானுங்கோ. ‘பயணி திட்டினா?’ன்னு கேட்டான். ‘அறிவுரையா எடுத்துப்பேன்’னு போட்டேன், பாஸ். மெய்யாலுமே நீ திட்னா இங்கயே எறக்கி உட்ருவேன், அது வேற.”

தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தி, “உள்ள வந்தா திருப்ப முடியாதும்மா,” என்றார். அந்தத் தெருவில் தண்ணீர் லாரியே திரும்பும். டெல்பின் பெட்டியை இறக்கிக்கொண்டு ஐந்து போட்டார். உமரும் ஐந்து போட்டார். இருவருக்கும் பரம திருப்தி.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். நாற்பத்துமூன்று தாள்களும் மேசைமேல் இருந்தன. டெல்பின் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒன்றையும் பிரிக்காமல், எல்லாவற்றின் மேலும் நூறு என்று எழுதினார். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

காலையில் திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் போனார். ஒருவரும் திட்டவில்லை. தலைமையாசிரியை மேடையிலேயே பாராட்டினார். தாய்மார்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். கிளிஃபர்ட் என்ற ஒரு தகப்பனார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், எங்க பையன் எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க். இப்ப எல்லாருமே ஃபர்ஸ்ட். இவனுக்கு மட்டும் ஒரு நூத்திப் பத்து போடக் கூடாதா?”

டெல்பின் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை நீட்டினார்.

“எவ்வளவு வேணுமோ நீங்களே போட்டுக்கங்க சார்.”

அவர் கூச்சப்படாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், பின்னால் மற்ற நாற்பத்திரண்டு பெற்றோர்களும் பேனாவுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.