எல்போவை அடைகாத்த கோழி

எனக்கு உருப்படியாகத் தெரிந்தது பைப்பு வேலை ஒன்றுதான். மற்றதில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் மரியாதை மிஞ்சும். கோழி விஷயத்தில் திறந்துவிட்டேன்.

மகள் செல்வி பிரசவத்துக்கு அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தாள். "தினம் நம்ம வூட்டு முட்டைதான் உனக்கு. அப்பா பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

என் வீட்டுக்காரியின் தம்பி சேகர், குன்றத்தூரில் கோழி வளர்க்கிறவன். "வெள்ளை லெகார்ன் வாங்கு மாமா. பாக்க நோஞ்சானா இருக்கும். முட்டை கரெக்டா வரும்" என்றான்.

நோஞ்சான் எப்படி முட்டை போடும்? எனக்கு மனசு ஒப்பவில்லை.

பல்லாவரம் சந்தையில் நாலு பெட்டையைப் பார்த்தேன். நீளக் கழுத்து, தடிக் கால், போலீஸ்காரர் நடை. அசில். சண்டைக்கோழி ஜாதி.

"முட்டைக்காண்ணா? இது அதுக்கு..." என்று ஆரம்பித்தார் விற்கிறவர்.

"தெரியும். கட்டு" என்றேன். (ஒன்றும் தெரியாது.)

மாடியில் விட்ட நாலும் ஆளுக்குப் பத்து முட்டை போட்டன. பிறகு அடை உட்கார்ந்துவிட்டன. முட்டைகளை எடுத்தேன். (வலது கையில் தழும்பு இருக்கிறது.) எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஒரு கோழி என் வேலைப் பையிலிருந்து உருண்ட எல்போக்களை, பைப்பைத் திருப்புகிற வெள்ளை வளைவுகளை, அடியில் தள்ளிக்கொண்டு அடைகாத்தது.

செல்வி கடை முட்டை சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

பேத்திக்குத் தொட்டில் போட்ட அன்று சொந்தம் மொத்தமும் மாடி ஏறியது. சேகர் கோழியைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா மாமா, இது பொரிச்சா டேங்குக்கு கனெக்‌ஷன் குடுத்துடலாமா?"

சிரிப்பில் கீழே குழந்தை முழித்துக்கொண்டது.

ஒரு மாசம் கழித்து அவனே வந்தான். கையில் முட்டைத் தட்டு. பேச்சில் புதிதாக மரியாதை.

"மாமா, லெகார்ன் முட்டை போடுதுங்க. ஆனா அடை உக்கார மாட்டேங்குது. பொரிக்கிற மெஷின்ல வெச்சேன், கரண்ட் போயி எல்லாம் கூமுட்டை. உங்க கோழிங்க கொஞ்சம்..."

எல்போக்களை எடுத்துவிட்டு முட்டைகளை வைத்தேன். கோழி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உட்கார்ந்தது. மற்ற மூன்றும் அப்படியே.

இருபத்தோராம் நாள் மாடி முழுக்கக் குஞ்சு. பக்கத்து வீட்டுப் பூனை ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அது எங்கள் தெருவிலேயே இல்லை. குஞ்சுகளில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

என் பங்குப் பெட்டைகள் வளர்ந்து, நோஞ்சானாகவே முட்டை போட ஆரம்பித்தன. முதல் முட்டையை அவித்து, மஞ்சள் கருவைப் பேத்திக்கு ஊட்டினேன். தழும்புக் கையால்தான். இரண்டாவதைச் செல்வி உரித்தாள்.

"நம்ம வூட்டு முட்டைப்பா" என்றாள்.

இன்றும் எங்கள் சொந்தத்தில் எது தாமதமானாலும், "இன்னா, எல்போ பொரிச்சுதா?" என்றுதான் கேட்பார்கள். சேகரும் கேட்பான். முட்டைத் தட்டோடு என் மாடிப்படியில் காத்துக்கொண்டே கேட்பான்.