பெட்டிக்குள் ஒரு நாயனம்

பாரிட் புந்தாரிலிருந்து வரவேண்டிய நாயன செட் வரவில்லை. மாப்பிள்ளை வந்தாயிற்று, ஐயர் வந்தாயிற்று. செமோரிலிருந்து பஸ் பிடித்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பசியாறி முடித்து, சட்னியில் குறையும் கண்டுபிடித்தாயிற்று.

"கைப்போன அடைச்சு வச்சிருக்கானுங்கடா," என்றார் பெண்ணின் அப்பா ஜெயபாலன். "நாயனம் இல்லாம தாலி கட்டுனா சம்பந்தியம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும்லா."

"என் சிந்தசைசர் இருக்குப்பா," என்றான் மகன் பவித்ரன்.

ராத்திரி விருந்தில் வாசிப்பதற்காக அந்தக் கருவியைக் காலையிலேயே மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்தான். மண்டபம் காலியாக இருந்தபோது, வாசல் ஸ்பீக்கர் வரைக்கும் சத்தம் போகிறதா என்று பார்க்கிற சாக்கில், மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய நாயனச் சத்தத்தில் கொஞ்சம் கல்யாணி வாசித்தான். மண்டபத்துக்குள் கேட்டது ஜெயபாலன் ஒருத்தர்தான். "ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு, நிப்பாட்டு," என்றுவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா வாயால் ஒரே ஒரு தடவை 'நல்லாருக்கு' கேட்க வேண்டும் என்பது பவித்ரனின் நெடுநாள் ஆசை. அது அன்றைக்கும் நடக்கவில்லை.

இப்போது வேறு வழியில்லை. "சரி, அந்தப் பெட்டியவே வாசி. ஆனா காலையில கத்துன ஆட்டுக்குட்டி வேணாம். மாத்து."

மாற்றுவதற்கு நாலு குமிழ்கள் இருந்தன. சத்தம் எழும்ப எடுக்கும் நேரம் அட்டாக். எழும்பியது சற்றுத் தணிவது டிகே. விரல் அழுத்தியிருக்கும்வரை நிற்பது சஸ்டெயின். விரலை எடுத்தபின் அடங்குவது ரிலீஸ். காலையில் நாலும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அப்பா சொல்லிவிட்டாரே.

முதலில் அட்டாக்கை அடியோடு குறைத்தான். விரல் பட்டதும் சத்தம் பாய்ந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் எழுந்து வாசலுக்கு ஓடின.

"ஹார்ன் அடிக்குது, ரொட்டிக்காரர் மோட்டார்ல வந்துட்டாரு போல," என்றாள் ஓர் அத்தை. "கயா ஜாம் ரொட்டி இருக்கான்னு கேளு."

ஜெயபாலன் பல்லைக் கடித்தார். "கல்யாணத்துக்கு வாசிக்கச் சொன்னா மோட்டார் ஹார்ன் அடிக்கிறியாடா?"

பவித்ரன் அட்டாக்கை ஒரேயடியாக ஏற்றினான். இந்தத் தடவை சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கிளம்பி, மெல்ல மெல்ல ஊதிப் பெருத்து வந்தது. சம்பந்தியம்மாவின் முகம் வெளுத்தது.

"யாரு போயிட்டா? சங்கு ஊதுறாங்களே," என்றார்.

"யாரும் போவல சம்பந்தி, மிசின் சூடாவுது," என்று சமாளித்துவிட்டு ஜெயபாலன் மகனிடம் வந்தார். "கொஞ்சம் இனிமையா இழுத்து வாசிலா."

இழுப்பதற்கு ரிலீஸைத் திருப்பினான். பதற்றத்தில் கடைசிவரை திருப்பிவிட்டான். அதன்பின் கையை எடுத்தாலும் சத்தம் போக மறுத்தது. ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

"தம்பி, நான் சொல்ற மந்திரம் எனக்கே கேக்கல," என்றார் ஐயர். "நிறுத்துங்க. நேரம் போவுது. கை காட்டுனா மட்டும் வாசிங்க."

பவித்ரன் நிறுத்தினான். சத்தம் தன் இஷ்டத்துக்கு அடங்கியது. அட்டாக்கைக் குறைக்கக் குமிழைத் தேடினான். அதற்குள் ஐயர் கையை உயர்த்திவிட்டார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

கெட்டிமேளம் எதற்கென்று மண்டபம் இருந்த புந்தோங்கில் எல்லோருக்கும் தெரியும். தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அபசகுனப் பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது.

பவித்ரன் பத்து விரலையும் அழுத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. தவில் சத்தமும் அதே குமிழில்தான் மாட்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து கிணற்றுக்குள் படியேறிக்கொண்டிருந்தன.

அந்த அமைதியில், ஓமப் புகையை நேராக வாங்கிக்கொண்டிருந்த ஜெயபாலன் தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை. வாசல் ஸ்பீக்கருக்குப் போட்டியாகத் தும்மினார்.

மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. சம்பந்தியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தங்கையின் கல்யாணம் தன்னால் நின்றுவிடும் என்று பவித்ரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மணப்பெண் சரளாதான் நிமிர்ந்து பார்த்தாள். "கட்டுங்கலா. அப்பாவுக்குச் சளி."

தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சும் விழுந்த பிறகுதான் கெட்டிமேளம் வந்து சேர்ந்தது. வந்தது சீக்கிரம் போகவுமில்லை. அட்சதை போட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டே பந்திக்கு நடந்தார்கள்.

ஜெயபாலன் இலைக்கு முன் உட்கார்ந்தும் ஆறவில்லை. "மானமே போச்சு. எல்லாம் அந்தப் பாரிட் புந்தார்காரனுங்களால."

எதிரே உணவகம் வைத்திருக்கும் அப்துல் ரசாக் மொய்க்கவரோடு அப்போதுதான் உள்ளே வந்தார். "அவங்க காலையிலருந்து என் கடையிலதாண்ணே உக்காந்திருக்காங்க. வேன விட்டு எறங்கும்போதே உள்ள வேற செட்டு வாசிச்சுச்சாம். நம்மளக் கூப்பிட்டுட்டு இன்னொருத்தனையும் கூப்பிட்டாங்களான்னு கோவிச்சுக்கிட்டு, போன அடைச்சுப்புட்டு தே தாரிக் குடிக்கிறாங்க."

பவித்ரனின் கை பாயசத்திலேயே நின்றது.

அப்துல் ரசாக் அவன் பக்கம் திரும்பினார். "காலையில கல்யாணி வாசிச்ச வித்துவான் யாரு தம்பி? அவரு காலத் தொட்டுக் கும்பிடணும்னு நாயனக்காரரு துடிக்கிறாரு. அதுக்கப்புறம் வாசிச்சவனத்தான் தேடிப் புடிச்சு ஒதைக்கணுமாம்."