இடது கன்னத்துப் பரு

சோமனூர் டவுன் பஸ்ஸில் தலை முழுக்க நரைத்த ஒரு அம்மாள், "பெரியவரே, காந்திபுரம் ஒண்ணு குடுங்க" என்று கேட்ட அன்றுதான் கண்டக்டர் அங்கப்பன் சபதம் எடுத்தான். வயது முப்பத்தெட்டு. உச்சந்தலை மட்டும் அறுப்பு முடிந்த வயல். தை மாதம் கிணத்துக்கடவில் மச்சினன் கல்யாணம். அதற்குள் அந்த வயலில் பயிர் நின்றாக வேண்டும்.

மாதம் இரண்டு தடவை காந்திபுரத்து லாட்ஜ் ஒன்றில் ஒரு வைத்தியர் முகாம் போடுவார். அவர் அங்கப்பனின் மண்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேர் ஒட்டாத டப்பாவில் மஞ்சள் களிம்பு ஒன்றைக் கொடுத்தார். கல்லில் தடவினாலும் முளைக்குமாம். முதலில் செம்பட்டையாக வருமாம், போகப் போகக் கருக்குமாம். பக்க விளைவு உண்டா என்று இவன் கேட்டதற்கு, பக்கத்திலும் வளரும் என்றார்.

பெண்டாட்டி பாவாத்தாளிடம் மூச்சு விடவில்லை. விட்டால் பெல்ட் கதை வரும். தொப்பை கரையும் என்று போன வருசம் ஒளித்து வாங்கிய பெல்ட், இப்போது மாட்டுக் கொட்டாயில் தண்ணீர்க் குழாயைத் தூணோடு கட்டி வைத்திருக்கிறது. ஆகவே டப்பா டிக்கெட் பைக்குள்ளேயே குடியிருந்தது. டூட்டி முடிந்து வந்ததும் குளியல். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு களிம்பு. அப்புறம் ஐந்து வயது மகள் அன்புக்கரசியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பொரிக்கடை. அவள் அப்பன் தலையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு போகிற வழியெல்லாம் பேசுவாள். அவனுக்கு அன்றாடம் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

இரண்டு மாதம் போயிற்று. அவன் தலையில் ஒன்றும் முளைக்கவில்லை. மகளின் கன்னத்தில் முளைத்தது. பரு.

பாவாத்தாள் பால்வாடி டீச்சர். குழந்தைகள் விஷயத்தில் அவளை ஏமாற்றுவது கஷ்டம்.

"ஏனுங்க, என்ற பால்வாடியில முப்பத்திரண்டு குழந்தைங்க. சொறி, செரங்கு, வேர்க்குரு எல்லாம் பாத்திருக்கறேன். அஞ்சு வயசுல பரு பாத்ததில்லீங்க."

"சூடு அம்மணி. எளநி குடுத்தாப் போயிரும்."

"சூடுன்னா ரெண்டு கன்னத்துலயும் வரோணுமுங்களே. எடது கன்னத்துல மட்டும் வருமுங்களா?"

பஸ்ஸில் இடது பக்க ஜன்னலில் வெயில் அதிகம் என்று அங்கப்பன் சொல்லிப் பார்த்தான். குழந்தை பஸ் ஏறியே மாதக்கணக்காகிறது என்றாள் பாவாத்தாள்.

அவனுடைய ஓய்வு நாளில், அவன் மத்தியானக் குறட்டையில் இருந்தபோது, அவள் மகளைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தாள். மூன்று வாரம் கழித்து அப்பாவோடு வரச் சொன்னார் என்றாள். பனிக்காற்று ஆகாது என்று, அன்று முதல் தோளேறும்போது மட்டும் மகளின் கன்னம் மறைய ஸ்கார்ஃப் கட்டிவிட்டாள்.

அங்கப்பனுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பயிர் முளைத்துவிட்டது. பஸ் கண்ணாடியில் எண்ணினான். மூன்று முடி. வைத்தியர் வாக்குப்படியே செம்பட்டை. களிம்பில் ஒரு மாட்டுவாடை ஏறியிருந்தது. ஊறுகாய் மாதிரி, ஊற ஊறத்தான் வீரியம் என்று நினைத்துக்கொண்டான். முடி ஒரு நாள் முன்பக்கம் இருந்தது, ஒரு நாள் பின்பக்கம் இருந்தது. பரவுகிறது என்று சந்தோஷப்பட்டான். டிரைவர் திருமலைசாமியும் பார்த்துவிட்டு, முடிதான் என்று ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது வாரம் டாக்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவர் சாவகாசமாக ஆரம்பித்தார்.

"பச்சக் குழந்தைக்குப் பரு வந்தாத் தானாப் போயிரும். வயசுப் பசங்களுக்கு வந்தா அது சகஜம். நடுவுல, ஒரு வயசுலயிருந்து ஏழு வயசுக்குள்ள வந்தா சும்மா விடக் கூடாதுங்க. உள்ள சுரப்பி ஏதாச்சும் முந்திக்கிட்டு வேலை செய்யுதான்னு ரத்தம் எடுத்துப் பாக்கோணும். எலும்பு வயசுக்கு மீறி வளந்திருக்குதான்னு கைய எக்ஸ்ரே எடுக்கோணும். இல்லீன்னா, ஊட்டுல யாராச்சும் ஹார்மோன் கலந்த மருந்தப் பூசி, அது குழந்தை மேல ஒட்டியிருக்கோணும். அப்படி யாராச்சும் பூசறீங்களா?"

பாவாத்தாள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அங்கப்பனும் அதையே பார்த்தான். நர்ஸ் ஊசித் தட்டோடு வந்து நின்றாள். அன்புக்கரசி தானாகவே சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டாள்.

"அப்பா, ஊசி போட்டா ரெண்டு பொட்டலம் பொரி வாங்கித் தருவீங்களா?"

தன் மண்டையில் முடி வேண்டும் என்று பிள்ளையின் உடம்பில் கை வைத்துவிட்டோமே என்று அங்கப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஊசி வேண்டாமுங்க. நாந்தான்" என்றான். டிக்கெட் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, லாட்ஜிலிருந்து பொரிக்கடை வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

டாக்டர் டப்பாவைத் தொடக்கூட இல்லை. நர்ஸ் தட்டைத் திருப்பி எடுத்துப் போனாள். போன தடவையே பாவாத்தாள் இதே டப்பாவைக் கொண்டுவந்து காட்டியதாகவும், அது குழந்தை மேல் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதாகவும், படுவது நின்றதும் பரு அமுங்கிவிட்டதாகவும் டாக்டர் சொன்னார். இப்போதைக்கு ரத்தம் எடுக்க வேண்டாமாம். சில மாதம் வளர்த்தியை மட்டும் அளந்து பார்த்தால் போதுமாம்.

"ஊட்டுல கேட்டிருந்தா சாமி மேல சத்தியம் பண்ணியிருப்பீங்க" என்றாள் பாவாத்தாள். "பெல்ட்டுக்கும் பண்ணுனீங்க. அதான், உங்க வாயாலயே வரட்டும்னு டாக்டருகிட்டச் சொல்லி வெச்சேனுங்க."

அங்கப்பன் தலையைக் குனிந்தான். குனிந்ததும் ஞாபகம் வந்தது. முழுக்கத் தோற்றுவிடவில்லை.

"தப்புத்தான் அம்மணி. ஆனா மருந்து பொய்யில்ல. பாரு, மூணு முடி."

"அந்த மருந்த மூணு வாரம் முன்னாலயே சாக்கடையில கொட்டிப்போட்டேனுங்க. இப்ப டப்பாவுல இருக்கறது, நம்ம செவலை மாட்டுக்கு மடி வெடிப்புக்குப் போடற மஞ்சக் களிம்பு."

"அப்ப இந்த முடி?"

பாவாத்தாள் அவன் உச்சியிலிருந்து ஒன்றை நோகாமல் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அதும் செவலையோடதுதானுங்க."