டிசம்பரில் ஊற்றிய இருபது நம்பர்

கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தொட்டே எண்ணெயின் நம்பரைச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் மலாக்காவில், காஜா பெராங்கில், ஒரு வாடகைக் காடிக் கம்பெனியின் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். காரை நாங்கள் காடி என்போம். இதை நம்பாதவர்கள் அவரைப் பார்க்காதவர்கள்.

மலாய் மொழியில் எண்ணெய்க்கு மின்யாக் என்று பெயர். ஊர் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் அந்தக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்துத் தேறியவன். அந்தத் தேர்ச்சிதான் எல்லா வினைக்கும் காரணம்.

எஞ்சின் எண்ணெய் டின்களில் இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது என்று போட்டிருக்கும். நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி. நமக்கு அவ்வளவுதான் தெரியும். மின்யாக்குக்கு உலகமே அந்த நான்கு நம்பருக்குள் அடங்கியிருந்தது. கோவில் அன்னதானத்தில் பாயசத்தைக் கரண்டியில் எடுத்து உயரத்திலிருந்து ஊற்றிப் பார்ப்பார். "இப்ப முப்பது. ஆறுனா ஐம்பது. சீக்கிரம் குடிங்கலா!" என்று பந்தியை விரட்டுவார். சமையல்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மனிதர்களுக்கும் நம்பர் உண்டு. டிரைவர் ஒருவர் மாமியாரைப் பற்றிப் புலம்பியபோது ஆறுதல் சொன்னார்: "அது ஐம்பது நம்பரு மச்சான். காலையில ஸ்டார்ட்டே ஆகாது. பத்து மணிக்கு மேல போய்ப் பேசு."

புக்கிட் பாரு பக்கமிருந்து காடி வந்தால், அது கண்ணில் படுமுன்பே, சத்தத்தை வைத்தே, "யாரோ நாப்பதுல முப்பதைக் கலந்துட்டான்" என்பார். வந்த டிரைவர் திருதிருவென்று விழிப்பார். கலந்திருப்பார்.

மலாயாவுக்கு விடுதலை கிடைத்த வருடம் வெள்ளைக்கார தோட்ட மானேஜர்கள் பலர் காடிகளை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். எங்கள் முதலாளி ஒரு பச்சைக் காடியை வாங்கினார். அதன் எஞ்சினில் காற்றை அமுக்கித் திணிக்க ஒரு விசிறி பொருத்தியிருந்தது. இன்று டர்போ என்கிறார்களே, அதற்குப் பெரியப்பா முறை. முதலாளி அதைப் பெற்ற பிள்ளைபோல் துடைத்துக் கொண்டிருந்தார். கோலாலம்பூரில் சம்பந்தி வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

புறப்படுவதற்கு முதல் நாள் மின்யாக் எண்ணெய் கேட்டு வந்தார். ஸ்டோர் சாவி என்னிடம் இருந்தது. காடியோடு வந்த ஆங்கிலப் புத்தகமும் என் மேசையில்தான் இருந்தது.

"நாப்பது குடுங்க கிராணியாரே."

புத்தகத்தை விரித்தேன். கோடைக்கு முப்பது, குளிர்காலத்துக்கு இருபது என்று அட்டவணை இருந்தது. "இது டிசம்பர் மாசம். டிசம்பர்னா குளிர்காலம். இருபதுதான்."

மின்யாக் வெளியே பார்த்தார். வெயிலில் தார் ரோடு பளபளத்தது. "குளிர் எங்கலா இருக்கு? நீங்களே காலையிலேர்ந்து ரெண்டு சட்டை மாத்திட்டீங்க."

"புத்தகத்துல இருக்கு."

"விசிறி காத்தை அமுக்குது கிராணியாரே. அமுக்குனா சூடு. கோலாலம்பூர் வழியில தம்பின் மேடு ஏறுறப்ப இருபது தண்ணியாப் போயிரும். பேரிங்கு பிடிச்சுக்கும்."

"எழுதினவன் எஞ்சினைச் செஞ்சவன். நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தா உங்களுக்கும் புரியும்" என்றேன்.

நான் எடுத்து வைத்த இருபது நம்பர் டின்னை அவர் தூக்கிக்கொண்டு போனார்.

தம்பின் மேட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பச்சைக் காடியை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். முதலாளி லாரிக்காரன் பக்கத்தில் குறுகி உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் கத்தினார்: "எவன்டா எண்ணெ ஊத்துனவன்?"

"நாந்தான் முதலாளி" என்றார் மின்யாக். ஊற்றியவர் அவர்தானே.

முதலாளி என்னிடம் திரும்பினார். "என்ன நம்பர் குடுத்தே?"

"இருபது. அவர்தான் கேட்டார்" என்றேன்.

மூன்றே சொற்களில் பாதி உண்மையும் பாதி பொய்யும் சொல்ல முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மின்யாக் என்னைப் பார்த்தார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாரா என்று நான் கேட்டதில்லை.

முதலாளி அந்த இடத்திலேயே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். மின்யாக் ஒன்றே ஒன்று கேட்டார்: "எஞ்சினைத் தொறந்து போட்டுட்டுப் போகக் கூடாது முதலாளி. சரி பண்ணி மூடிட்டுப் போயிர்றேன்."

ஒன்பது நாள் வந்தார். பேரிங்குகளைக் கழற்றி, விரல் நுனியால் தடவித் தடவிச் சுரண்டி, எங்கே உரசுகிறது என்று மை தடவிப் பார்த்து, மறுபடி சுரண்டினார். போகச் சொல்லிவிட்ட கம்பெனிக்கு ஒரு மனிதர் அப்படி வேலை செய்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒன்பதாம் நாள் முடுக்கியபோது, எஞ்சின் ஓடுகிறதா என்று முதலாளி காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வசவு வரும் என்று எழுந்து நின்றேன்.

"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க கிராணியாரே. மனசுல கெடந்து உறுத்துது."

வாசித்தேன். கோடை, குளிர்காலம். அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். 'வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதும் நாற்பது.' தமிழில் சொல்வதற்குள் என் குரல் இறங்கிவிட்டது.

மின்யாக் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா! வெள்ளைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு!"

அதில் குத்தல் எதுவும் இல்லை. எங்கோ சீமையில் முகம் தெரியாத ஒருவன் தன்னைப் போலவே எண்ணெயை அறிந்து வைத்திருக்கிறான் என்ற சந்தோஷம் மட்டுமே இருந்தது. அந்தச் சிரிப்போடு சைக்கிளில் ஏறிப் போனார். புக்கிட் பாருவில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

முதலாளியின் அறை என் மேசையிலிருந்து பத்தடி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. இப்போது முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் நடப்பது? சாலையில் எப்போதாவது ஓர் எஞ்சின் சத்தமே இல்லாமல் கடந்து போனால் நின்றுவிடுகிறேன். இதை மின்யாக் கேட்டிருந்தால் எவ்வளவு சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது.