சாராயத்துக்கு வாக்கப்பட்ட ஆடாதோடை

திருச்செங்கோட்டுப் பக்கம் கல்யாணத் தரகருங்க எத்தனையோ பேர் உண்டு. ஆனா இலை தழைக்கு வரன் பாத்தவரு இந்த ஒலகத்துலயே எங்க தெருப் பொருத்தக்காரர் ஒருத்தருதான். அவரோட சொந்தப் பேரைக் கேட்டா அவரே கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவாரு.

மனுசங்களுக்குப் பொருத்தம் பாத்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அவருக்கு மூலிகைதான். "மருந்து இலைக்குள்ள குந்தியிருக்குது சாமி. வெளிய கூட்டியார ஒரு மாப்ளை வேணும். மஞ்சளைத் தண்ணியில போட்டுப் பாரு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அடியில போயி உக்காந்துக்கும். எண்ணெயில போட்டுக் காய்ச்சு, சிரிச்சுக்கிட்டே வரும்"ம்பாரு. தண்ணி, எண்ணெய், நெய், காடி, சாராயம், எல்லாம் அவருக்கு மாப்ளைங்க.

எங்க பக்கம் ஒரே கூட்டத்துக்குள்ள பொண்ணு குடுத்து எடுக்க மாட்டோம். ஒரே கூட்டம்னா ஒரே குலம், அண்ணன் தங்கச்சி முறை. இந்த மனுசன் அதை இலைக்கும் கொண்டுவந்துட்டாரு! ஜேடர்பாளையத்து ஆத்தங்கரையில பறிச்ச ஆடாதோடையில கஷாயம் வெச்ச ஒரு பொம்பளையை மறிச்சு, "ஏனம்மிணி, காவேரித் தண்ணி குடிச்சு வளந்த இலை, காவேரித் தண்ணிக்குத் தங்கச்சியாச்சே. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கட்டி வெக்கறயே, அடுக்குமா?"ன்னு கேட்டாரு. அந்தம்மா கஷாயத்தை அப்படியே சாக்கடையில ஊத்திருச்சு.

அப்ப ஆடாதோடைக்கு யாரு மாப்ளை? சாராயம். இங்கதான் எனக்கு மொத அதிர்ச்சி. ஏன்னா மனுசன் கதர்க்காரரு. காலையில சாராயக்கடை முன்னால மறியல் பண்ணி, தொண்டை கிழியக் கத்துவாரு. அன்னைக்குச் சாயங்காலம் அதே கடைப் பின்வாசல்ல பாட்டிலோட நிக்கறாரு!

"என்னங்க இது அக்கிரமம்?"

"நானென்ன குடிக்கவா போறேன்? மாப்ளை அழைப்பு சாமி, மாப்ளை அழைப்பு."

எனக்குப் பாவாயியப் பேசி முடிச்சவரும் இவருதான். கல்யாணமாகி மொத மார்கழியிலயே அவளுக்கு மூச்சிளைப்பு வந்துருச்சு. 'சோறு போடட்டுங்களா'ங்கறதுக்குள்ள நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நின்னுருவா. எங்கம்மா, "சீக்காளியத் தலையில கட்டிட்டான், பொறந்த ஊட்டுக்கே அனுப்பீரு"ன்னு நின்னாங்க. எனக்கு மனசே வரலை.

பொருத்தக்காரர் காதுக்கு எட்டுச்சு. "நான் முடிச்ச கல்யாணம் முறியறதா?"ன்னு ஒரு சீசாவோட ஓடியாந்தாரு. சாராயத்துல ஆடாதோடை. வெந்நியில சொட்டுச் சொட்டா விட்டுக் குடிக்கோணும். வாசம் புடிச்சதும் எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஊட்டு மருமவ வாயில சாராயமா! ஆனா தை பொறக்கறதுக்குள்ள பாவாயி நிமுந்து நடந்தா.

அப்பறம் வந்துச்சு மதுவிலக்கு, அதுவும் மொதல்ல எங்க சேலம் ஜில்லாவுக்கு. பொருத்தக்காரர் தெருவெல்லாம் சக்கரை குடுத்தாரு. பூட்டின கடை முன்னால குதியாட்டம் போட்டாரு. திடீர்னு குதிச்ச காலு அப்படியே நின்னுபோச்சு. "ஐயோ, மாப்ளை போயிட்டானே!"ன்னு நடுத்தெருவுல உக்காந்து அழுதாரு. யாரோ செத்துட்டாங்கன்னு நாலஞ்சு ஊட்டுக்காரங்க பதறி ஓடியாந்தாங்க.

சீசா தீந்துச்சு. இளைப்பு திரும்புச்சு. எங்கம்மா எனக்குக்கூடச் சொல்லாம, பாவாயியோட அண்ணனுக்கு வண்டி கட்டிக்கிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பீட்டாங்க.

பொருத்தக்காரருக்குச் சோறு எறங்கலை. மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஆடாதோடையைத் தண்ணியிலயே போட்டாரு. பாவம் தீர ஒரு தலைமுழுக்கும் போட்டாரு. மக்யா நாள் விடிஞ்சதுமே கஷாயம் நுரைச்சுக் கெட்டுப் போச்சு. எண்ணெயில போட்டாரு. இலை முறுகுச்சு, ஆனா கசப்பு இலையிலயே ஒட்டிக்கிட்டு எறங்கவே இல்லை. கடைசியா புளிச்ச கஞ்சித்தண்ணியை இன்னும் புளிக்கவிட்டு, பல்லுக் கூசற காடியாக்கி அதுல ஊறப்போட்டாரு. கசப்பு முச்சூடும் எறங்கிருச்சு!

"காடியும் காவேரித் தண்ணிதானுங்களே? அதே கூட்டமாச்சே?"ன்னு நான் வம்பிழுத்தேன்.

"புளிச்ச தண்ணி தத்துப் போன புள்ளை சாமி. கூட்டம் மாறிப்போச்சு"ன்னாரு.

பாவாயி அதைக் குடிக்க ஆரம்பிச்சா. அவரு ஊட்டுல வரிசையாப் பானைங்க. புளிச்ச நாத்தம் தெருவைத் தூக்குச்சு. எவனோ போலீசுக்குச் சொல்லிட்டான். ஏட்டய்யா வந்து மோந்து பாத்தாரு. அவ்வளவுதான், கதர்க்குல்லாக்காரர் கையில வெலங்கு! அவரு தலையிலயே ஒரு பானையையும் ஏத்தி, சாராய ஊறல் கேஸுன்னு நடத்திக்கிட்டுப் போனாங்க. அதே நேரம் பாத்து மச்சான் வண்டியும் வந்து நின்னுச்சு.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். "மருந்துங்க, குடிச்சுப் பாருங்க"ங்கறாரு பொருத்தக்காரர். "ஏய், என்னையக் குடிகாரன்னு நெனச்சியா?"ன்னு ஏட்டய்யா கையை ஓங்கறாரு.

அப்பத்தான் பாவாயி உள்ள வந்தா. அசலூரு ஆம்பளைங்க முன்னால தலை நிமுராதவ! எங்கம்மாவும் மச்சானும் பின்னாலயே ஓடியாராங்க. பானையில இருந்து ஒரு மடக்கு எடுத்துக் குடிச்சுட்டு ஆரம்பிச்சா பாருங்க.

"ஏனுங்க ஏட்டய்யா, சாராயக்கடை வாசல்ல வெயில்ல காஞ்சு மறியல் பண்ணுனவரைப் புடிச்சாந்து சாராயம் காய்ச்சறாருங்கறீங்களே, உங்களுக்கு மூக்கு இருக்கறது மோந்து பாக்கவா இல்லை மீசைக்குக் காவலா, நான் குடிச்சுட்டுத்தான் நிக்கறேன் தள்ளாடறனா பாருங்க, என்ற உசுரைக் காப்பாத்தற மருந்துங்க இது, இந்த மனுசன் கையில வெலங்கு மாட்ட உங்களுக்கு எப்படீங்க மனசு வந்துச்சு?"

ஏட்டய்யா ஓங்கின கையை எறக்க மறந்துட்டாரு. எங்கம்மா வாயில ஈ போனாத் தெரிஞ்சிருக்காது. பொருத்தக்காரர் மட்டும் வெலங்கோட எகிறிக் குதிச்சாரு. "மூச்சு வாங்கலை பாத்தீங்களா! அம்மிணிக்கு மூச்சு வாங்கலை!" கண்ணுல தாரை தாரையாத் தண்ணி.

ஏட்டய்யா பானையை இன்னொருக்கா மோந்து பாத்தாரு, வெறும் புளிப்புதான்னு அவரை விட்டுட்டாரு. மச்சான் எங்கூட்டுல சோறு தின்னுட்டு வெறும் வண்டியத்தான் ஓட்டிக்கிட்டுப் போனாரு.

பொருத்தக்காரர் இப்ப இல்லை. இன்னைக்கும் பாவாயி என்னை ஒரே மூச்சுல வஞ்சு முடிக்கறப்ப எனக்குக் கோவமே வாரதில்லை. அவரு பக்கத்துல நின்னு கேட்டா எவ்வளவு சந்தோசப்படுவாருன்னுதான் தோணும்.