கோட் கொலம்போ

"மூர்த்தி, உனக்குக் கொலம்போ பண்ணத் தெரியுமா?" என்று சந்தானம் கேட்டபோது திருமூர்த்தி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

தெரியாது என்று சொல்ல முடியாது. கரீபியன் தீவுச் சமையலில் தேர்ந்தவன் என்று அவனுடைய கிரீன் கார்டுக்கு எழுதிக் கொடுத்திருப்பவரே முதலாளி சந்தானம்தான். எழுதியவரும் அந்தக் கடலைப் பார்த்ததில்லை, எழுதப்பட்டவனும் பார்த்ததில்லை.

சந்தானம் வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கிய என்ஜினீயர். தொண்ணூற்றெட்டில், நியூயார்க் பக்கமெல்லாம் தீவுச் சாப்பாட்டுக்குத்தான் மவுசு என்று கேட்டு, வேலையை விட்டுவிட்டு, அதன் பக்கத்து ஊரான நூவர்க்கில் ரம் பாரோடு ஹோட்டல் போட்டார். சுவரெல்லாம் காகிதத் தென்னை ஒட்டினார். கூட்டந்தான் ஒட்டவில்லை.

அன்று மதியம், ஹோட்டல்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும் ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. கரீபியனில் பிரெஞ்சுக்காரர் ஆளும் குவாதலூப் தீவுக்காரி. 'கோட் கொலம்போ', அதாவது ஆட்டுக்கறிக் கொலம்போ, வேண்டுமென்று ஃபேக்ஸ் அனுப்பியிருந்தாள்.

"கொலம்போன்னா கொழும்புதான். ஸ்ரீலங்கா," என்றார் சந்தானம். "அந்தம்மா நல்லா எழுதலேன்னா கடையை க்ளோஸ் பண்ண வேண்டியதுதான். உன் கிரீன் கார்டும் அதோட போச்சு."

பாரில் நிற்கும் ஜோவானா, பக்கத்து எடிசன் நகரிலிருக்கும் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருத்திக்குப் போன் போட்டாள். கொழும்புச் சமையலுக்கு மாசிக் கருவாடு முக்கியம் என்று ஆன்ட்டி அடித்துச் சொன்னாள். போட்டான். ஆட்டுக்கறியில் மீன் வாடை ஏறியது. வாடையை அடக்கத் தேங்காய்ப்பால் ஊற்றினான். கறி பாயசமாக இனித்தது. ஐலண்ட் என்றால் ரம் வேண்டாமா என்று சந்தானம் அரைபாட்டிலைக் கவிழ்த்தார். குபீரென்று பற்றிக்கொண்டது. சட்டி தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. முதலாளிக்கு ஒரு புருவம் போனது.

"அண்ணா, மேடம் வந்தாச்சு," என்றாள் ஜோவானா.

மிச்சமிருந்தது வேலையாட்கள் தின்பதற்கு வைத்த ஆட்டுக்கறிதான். மல்லி, சீரகம், வெந்தயம் வறுத்து அரைத்து, வாரம் ஆறு நாளும் அவன் வைப்பது.

"அதையே ஊத்து," என்றார் சந்தானம்.

"சார், அது நாம சாப்பிடறது."

"வேற என்ன இருக்கு, என் புருவமா?"

தீவுக் களை வரட்டுமென்று ஜோவானா அதன்மேல் ரம் கிளாஸில் வைக்கும் காகிதக் குடை ஒன்றைச் செருகினாள்.

அம்மாள் தின்றாள். நோட்டைத் திறக்கவே இல்லை. தட்டை ரொட்டியால் துடைத்துவிட்டு, சமைத்தவனைக் கூப்பிடச் சொன்னாள். கொழும்பு என்றே சாதித்துவிடு என்று சந்தானம் அவன் காதைக் கடித்தார்.

திருமூர்த்தி போய் நின்றான். காலையிலிருந்து நின்ற கால். இன்னொரு பொய்யையும் தாங்குமென்று தோன்றவில்லை.

"நோ கொலம்போ மேடம். சாரி. திஸ் ஒன்லி கொழம்பு."

சந்தானம் தூணைப் பிடித்துக்கொண்டார். அம்மாள் அந்தச் சொல்லை இரண்டு தரம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்:

"அதைத்தானே கேட்டேன். காரைக்கால்ல கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த எங்க ஆட்கள் கொழம்புன்னுதான் சொன்னாங்க. பிரெஞ்சுக்காரன் வாயிலதான் அது கொலம்போ ஆச்சு."