மஃபினின் கட்டியும் என் தாடி முடியும்

எனக்கு வாழ்க்கையில் இரண்டே கொள்கைகள். ஒன்று, என் மனைவி மார்லீன் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது. இரண்டு, டாக்டர் எதைச் சொன்னாலும் ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பது. முப்பத்தொரு வருடத் திருமண வாழ்க்கையில் இந்த இரண்டையும் நான் ஒருநாளும் கைவிட்டதில்லை. அதனால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ரத்தக் கொதிப்பு மட்டும் வந்தது.

மஃபின் என் நாய். பாக்ஸர் ஜாதி, ஒன்பது வயது, பழுப்பு நிறம், தொங்கும் கன்னங்கள். அவனுக்கும் எனக்கும் முகஜாடை ஒன்று என்று ஹேசல் ஃபோர்க் ஊரே சொல்லும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அடுப்புகளை ரிப்பேர் செய்ய நான் போகிற வீடுகளுக்கெல்லாம் கூடவே வருவான். டிரக்கில் முன் சீட் அவனுடையது. மார்லீன் வந்தால் அவள்தான் பின்னால் உட்காருவாள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை அவன் விலாவைச் சொறிந்துவிட்டபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவில் ஒரு கட்டி. மிருக டாக்டர் பட்னம் ஊசியால் கொஞ்சம் எடுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போதே முகம் சரியில்லை.

"தோல்ல வர்ற புற்றுநோய், வெண்டல். இப்ப சின்னதா இருக்கு. பத்து நாளுக்குள்ள வெட்டி எடுத்துட்டா முழுசாப் போயிடும். விட்டு வெச்சா உள்ளே பரவும். நாயோட லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு, ஆபரேஷனுக்கு நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"கட்டி தானாப் போகாதா டாக்டர்? என் முதுகுலகூட ஒண்ணு இருக்கு, இருபது வருஷமா."

"அது வெறும் கொழுப்புக் கட்டி."

"பார்த்தீங்களா!"

"இவனுக்கு இருக்கறது அது இல்ல."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். மயக்க ஊசி போட்டு அவன் கண் திறக்காமலே போய்விட்டால்? நாளைக் காலை அந்த முன் சீட்டை நான் எப்படிப் பார்ப்பது? ஆனால் ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை பயம் என்று வெளியே சொல்ல முடியுமா? கொள்கை என்று சொன்னேன்.

கூட வந்திருந்த மார்லீன் டிரக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மறுநாள் காலை காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நீ சொன்னதுதான் சரி, வெண்டல்."

இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. காப்பியைக் கீழே வைத்தேன்.

"எது?"

"கத்தி எதுக்கு? பாவம், வயசான நாய். செலஸ்ட்டை வரச் சொல்லியிருக்கேன். உடம்பு, மனசு, ஆத்மா மூணையும் சேர்த்துப் பார்த்து முழுமையாக் குணப்படுத்துவா."

இந்த செலஸ்ட் மூன்று வருடம் முன்புவரை எங்கள் ஊரில் வீடு விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். வாங்கியவர்கள் கூரை ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். அதனால் நாய் பூனைகளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அவை புகார் கொடுப்பதில்லை.

புதன்கிழமை வந்தாள். தலையில் இறகு, கையில் மேளம், ஒரு கட்டுக் காய்ந்த இலை. இலையைக் கொளுத்தி மஃபினின் மூக்குக்கு நேரே புகை காட்டினாள். மஃபின் தும்மினான்.

"நஞ்சு வெளியேறுது" என்றாள்.

மேளத்தைத் தட்டினாள். மஃபின் பயந்துபோய் வேறு வழியாகக் காற்றை விட்டான்.

"அடைப்பு விலகுது!"

"ஜன்னலைத் திறங்க" என்றேன் நான்.

அடுத்து ஒரு கல்லை நூலில் கட்டி அவன் தலைமேல் ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "என்கிட்ட பேசறான். போன ஜென்மத்துல கப்பல் மாலுமியாம்."

"இவனா? குளிப்பாட்டத் தண்ணி திறந்தாலே கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்குவானே!"

"மூழ்கித்தான் செத்தானாம்."

இவளோடு யார் வாதாடுவது? ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். மஞ்சள் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அடைத்து, மேலே 'தங்கக் களிம்பு' என்று லேபிள் ஒட்டியிருந்தது. வேளைக்கு ஒரு ஸ்பூன். அரை மணி நேரத்தில் மஃபினின் தாடை, வீட்டு சோபா, என் ஒரே வெள்ளைச் சட்டை மூன்றும் மஞ்சளாகிவிட்டன. கட்டி மட்டும் நிறம் மாறவில்லை.

போகும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாய்க்கு வர்ற நோய் அதோடது இல்ல. எஜமானோட நோயை அது வாங்கிக்கிது. மஃபினோட முடி கொஞ்சம் வெட்டி உறையில போட்டு எனக்குத் தபால்ல அனுப்புங்க. எங்கே என்ன கோளாறுன்னு படிச்சுச் சொல்றேன்."

கதவு சாத்தியதும் வெடித்தேன்.

"மேளம் அடிச்சா கட்டி கரையுமா, மார்லீன்? படிச்ச டாக்டர் வெட்டணும்னு சொல்றார்!"

"நீதானே வேண்டாம்னே?"

"யோசிக்கணும்னு சொன்னேன். யோசிக்கறதும் வேண்டாம்கறதும் ஒண்ணா?"

"கத்திரிக்கோல் டிராயர்ல இருக்கு தங்கம். முடியை நீயே வெட்டி அனுப்பிடு."

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் தாடியில் ஒரு கொத்து வெட்டி உறையில் போட்டேன். அறிக்கை வரட்டும். நாய்க்கு இன்ன நோய், பூர்வ ஜென்மம் இன்னது என்று நாலு வரி அளப்பாள். மார்லீன் உருகி உருகிப் படிப்பாள். கடைசியில் நான் எழுந்து நின்று, "அது என் தாடி!" என்பேன். செலஸ்ட்டின் மேளம் கிழியும். மார்லீன் என்னிடம் மன்னிப்புக் கேட்பாள். அதற்கும் சேர்த்து ஒரு பதிலைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உறையை ஒட்டித் தபால் பெட்டிக்குப் போகும் கூடையில் வைத்தேன்.

சனிக்கிழமை அறிக்கை வந்தது. ஊதா நிறக் காகிதம், நாலு பக்கம். மார்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"'ஆண். நடுவயது தாண்டியவன். எடை மிக அதிகம்.' அடடா, எவ்வளவு சரியாச் சொல்றா!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"'இடது முழங்காலில் வலி. மாலையில் கணுக்கால் வீங்குகிறது.' மஃபினுக்குக் கணுக்கால் வீங்குதா? நீ கவனிச்சியா?"

சாக்ஸை மெதுவாக மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"'ரத்தக் கொதிப்பு. குறட்டை. மாத்திரையை விழுங்காமல் பூந்தொட்டியில் போடுகிறான்.' ஐயோ பாவம்! மாத்திரைன்னா அவனுக்கு ஆகவே ஆகாது."

எனக்கு வியர்த்தது.

"'வீட்டில் யாரும் இல்லாதபோது கராஜில் இருக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்து சாசேஜ் தின்கிறான்.'" கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "நாய் எப்படி ஃப்ரிட்ஜைத் திறக்கும், வெண்டல்?"

"கெட்டிக்கார நாய்" என்றேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அது என் தாடி என்று சொன்னால் அந்த நாலு பக்கமும் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் செலஸ்ட் ஜெயித்துவிடுவாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த மந்திரவாதிக்கு நிஜமாகவே ஏதாவது சக்தி இருக்குமோ என்றுகூட ஒரு கணம் நடுங்கினேன். வெட்கம்தான்.

நாலாவது பக்கத்தில் வைத்தியம் இருந்தது. காலையும் மாலையும் இரண்டு மைல் நடை. வீட்டுக்குள் இறைச்சி வாசனையே கூடாது. மூன்று வேளையும் வேகவைத்த பரங்கிக்காய், காளான் தூள். நாய் யாரைப் பார்த்து வாழ்கிறதோ அவரும் அதையே சாப்பிட வேண்டும், அதனோடு நடக்கவும் வேண்டும்.

"அவன் உன்னைத்தானே பார்த்து வாழறான்" என்றாள் மார்லீன். என் தட்டில் பரங்கிக்காய் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஃபுட்பால். ஓரிகான் மாநிலமே அடுப்புமுன் நின்று சாசேஜ் சுட்டுக்கொண்டிருக்க, நானும் மஃபினும் பரங்கிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கராஜ் ஃப்ரிட்ஜில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் பரங்கிக்காய். நடந்தேன். நடந்தோம். மலைச் சரிவில் அவன் என்னை இழுக்க, நான் அவனைக் கெஞ்ச, ஊரே கையாட்டியது.

திங்கட்கிழமை கட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பட்டாணி திராட்சையாகியிருந்தது. சுற்றிச் சிவந்திருந்தது.

"மார்லீன்! பெருசாயிடுச்சு!"

"போறதுக்கு முன்னாடி அப்படித்தான் பெருசாகுமாம். செலஸ்ட் சொன்னா."

"அவ என்ன டாக்டரா? வீடு வித்தவ! கட்டியை வெட்டணும், மார்லீன். வெட்டித்தான் ஆகணும்!"

"கத்தத் தேவையில்ல, வெண்டல். ரத்தக் கொதிப்பு." நிதானமாகப் பாத்திரத்தைத் துடைத்தாள். "செவ்வாய்க்கிழமை அவனுக்கு விரதமாம். காலையில ஒண்ணும் கொடுக்காதே. பதினோரு மணிக்கு செலஸ்ட் வந்து அவனைக் கூட்டிட்டுப் போறா. காட்டுல மூணு நாள் மேள முகாம்."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. காட்டில் மூன்று நாள்! டாக்டர் கொடுத்த பத்து நாள் அதோடு முடிந்துவிடும். இந்தப் பெண்பிள்ளைகள் இருவரும் சேர்ந்து என் நாயைக் கொன்றுவிடுவார்கள். இல்லை. இந்த வீட்டில் அறிவோடு இருப்பவன் நான் ஒருவன்தான். நான்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மார்லீன் சர்ச் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். போகிற அவசரத்தில் டிரக் சாவியை மேஜை நடுவிலும், மஃபினின் கழுத்து வாரைக் கதவுக் கைப்பிடியிலும் மறந்து வைத்துவிட்டாள். அவளுடைய கவனக்குறைவை எண்ணிச் சிரித்தேன். நாயை முன் சீட்டில் ஏற்றினேன். பறந்தேன்.

"டாக்டர்! வெட்டுங்க! மார்லீனுக்குத் தெரியக்கூடாது. கையெழுத்து எங்கே போடணும்?"

டாக்டர் பட்னம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பதரைக்குத்தானே நேரம் கொடுத்தோம்? அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க. வெறும் வயிறுதானே?"

"எனக்கா?"

"நாய்க்கு."

"ஆமா, இன்னிக்கு விரதம்னு மார்லீன்..." பாதியில் நிறுத்தினேன். எதிரே படிவம் இருந்தது. பேர், எடை, வயது எல்லாம் மார்லீனின் குண்டு எழுத்தில் நிரப்பியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. அங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

கையெழுத்துப் போட்டேன். மஃபின் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். கதவு மூடியது. காலி வாரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் கலங்கியது. கொள்கை எதுவும் அப்போது உதவிக்கு வரவில்லை.

பத்து நிமிடத்தில் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மார்லீன். கையில் எனக்கொரு காப்பி.

"பாட்டுப் பயிற்சி?"

"அது வியாழக்கிழமை." காப்பியைக் கையில் திணித்தாள். "ஒழுங்கா 'வெட்டணும், கையெழுத்துப் போடு'ன்னு நான் சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

காப்பியை ஊதிக் குடித்தேன். அவளுக்கே பதில் தெரியும்.

"அப்ப அந்த மேள முகாம்?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"என் தாடி?"

"உறையைப் பிரிச்சுப் பார்த்தேன். மஃபின் பழுப்பு. உள்ளே இருந்தது நரை. உன் லோஷன் வாசனை வேற."

"அப்ப அனுப்பலையா?"

"அனுப்பினேனே. செலஸ்ட் பதிலும் போட்டா." கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். 'அபாரமான ஆரோக்கியம். ஒரு குறையும் இல்லை. இன்னும் தாராளமாக இறைச்சி கொடுங்கள்.'

முதல்முறையாக செலஸ்ட்டின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"அப்படின்னா அந்த ஊதாக் காகிதம் நாலு பக்கம்?"

"மார்ச் மாசம் உன் டாக்டர் உனக்கு எழுதின கடிதம். டூல் பாக்ஸ் மூணாவது டிராயர்ல ஒளிச்சு வெச்சிருந்தியே. அதைப் பார்த்து எழுதினேன். பூந்தொட்டியும் சாசேஜும் மட்டும்தான் என் சொந்தச் சரக்கு."

மதியம் டாக்டர் பட்னம் வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். பிறகு மார்லீனைக் கட்டிப்பிடித்தேன். கட்டியைச் சோதித்துப் பார்த்த அறிக்கை அடுத்த வாரம் வந்தது. முழுசாக வந்துவிட்டது, மிச்சம் எதுவும் இல்லை.

இப்போது மஃபினுக்குத் தினமும் கோழியும் சோறும். உடம்பு தேற வேண்டுமாம். எனக்குப் பரங்கிக்காய். பரங்கிக்காயையும் ஆறு மாதம் பொறுத்துப் பார், அதுதானே உன் கொள்கை என்கிறாள் மார்லீன்.

நேற்று அவனுக்குத் தையல் பிரித்தார்கள். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூம்பையும் கழற்றினார்கள். இனி இது எதற்கு, குப்பையில் போடலாம் என்றேன். மார்லீன் அதை வாங்கி, என் கழுத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, கராஜ் ஃப்ரிட்ஜின் மேல் பத்திரமாக வைத்தாள்.

அளவு சரியாக இருந்ததாம்.